பின்னால் வீசிய தேங்காய்

குழந்தைகளே, ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் தேங்காயாட்டப் பித்து. மட்டை உரிக்காத தேங்காயைக் காம்போடு கவ்விக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும். இடிக்கலாம், மறிக்கலாம். ஆனால் காயைக் கூட்டாளிக்கு வீசுவதென்றால் பின்னால் வருபவருக்குத்தான் வீச வேண்டும். முன்னால் வீசினால் காய் எதிரணிக்குப் போய்விடும்.

இன்றைய வீரன் துள்ளி என்ற புள்ளிமான். அதன் ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது. அன்றைய வீரன் மலையப்பன் என்ற காட்டுப்பன்றி. வயதாகிவிட்டாலும் அணியில் இன்னும் ஓர் இடம் உண்டு. அது முட்டினால் முட்டியதுதான்!

துள்ளிக்கு ஒரே ஒரு மனக்குறை. எத்தனை முறை கோட்டைத் தாண்டினாலும் வம்புக்கார நரி விடாது.

"நல்லாத்தான் ஓடுறே. இருந்தாலும் அந்தக் காலத்து மலையப்பன் மாதிரி வருமா?"

அதே நரி பன்றியிடம் போய், "அண்ணே, உங்க வாலிபத்துலயே இந்தக் காலத்து ஆட்டம் ஆடியிருந்தாலும் மூச்சு முட்டியிருக்கும்" என்று அங்கேயும் ஊதிவிடும்.

காடு இரண்டாகப் பிரிந்தது. "அப்போ களம் முழுக்கச் சேறு. பன்றிக்கு வசதி!" என்றன முயல்கள். "இப்போ களம் முழுக்கப் புல்லு. மானுக்குச் சொகுசு!" என்றன எருமைகள். வாய் வலித்ததே தவிர வழக்குத் தீரவில்லை.

கோடை பிறந்தது. மலைக் கரடிகளோடு ஆட்டம் வந்தது. தோற்ற அணியின் காடு அந்தக் கோடை முழுவதும் இரு பக்கத்துக்கும் பொதுவான சுனையில் வாய் வைக்கக் கூடாது என்பது பழைய ஒப்பந்தம். குட்டிகளுக்கு அந்தச் சுனையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

முந்தின நாள் கொட்டிய மழையில் களத்தின் பாதி சேறாகிவிட்டது. ஆட்டம் சமமாகவே நின்றது. கடைசி நேரத்தில் துள்ளி காயைக் கவ்விக்கொண்டு சேற்றில் பாய்ந்தது. இரண்டே தாவலில் குளம்புகள் புதைந்தன. எதிரே நான்கு கரடிகள்.

"தம்பி, காயை இங்க போடு!" என்று பின்னாலிருந்து மலையப்பன் கத்தியது.

துள்ளி போடவில்லை. போட்டால் நாளைக்கு நரி சும்மா இருக்குமா? 'கடைசியில் கரை சேர்த்தது மலையப்பன்தானே' என்று காடெல்லாம் தண்டோரா போடும். கரடிகள் நெருங்கின. களத்தோரம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த குட்டிகள் கண்ணில் பட்டன.

துள்ளி தலையைச் சுழற்றிக் காயைப் பின்னால் வீசியது.

மலையப்பன் கவ்வியது. சேறு தெறிக்க முட்டியது. நான்கு கரடிகளும் நான்கு பக்கம் உருண்டன. பன்றி உழுதுபோட்ட தடத்திலேயே துள்ளியும் கரையேறியது.

புல்லுக்கு வந்ததும் மலையப்பனுக்கு மூச்சு இரைத்தது. கோடு இன்னும் இருபது அடி. மிச்சக் கரடிகள் மடக்க ஓடி வந்தன. பின்னால் துள்ளியின் குளம்புச் சத்தம் கேட்டது. மலையப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் காயைப் பின்னால் வீசியது.

துள்ளி கவ்வியது, பறந்தது, கோட்டைத் தாண்டியது. சுனை பிழைத்தது!

ஆரவாரம் அடங்குவதற்குள் நரி வந்து நின்றது.

"இப்பவாவது சொல்லுங்க. ரெண்டு பேருல யார் பெரியவர்?"

"அண்ணன்தான். சேத்துல நான் யோசிச்சேன். புல்லுல அவர் யோசிக்கவே இல்ல" என்றது துள்ளி, தலை குனிந்தபடி.

மலையப்பன் பெரிதாகச் சிரித்தது. "போடா! உன் வயசுல இதே கரடிகளோட ஆடினப்போ நான் காயைக் கொடுக்கவே இல்ல. அந்த வருஷம் காடே தாகத்துல கிடந்துச்சு."

நரி மறுபடி வாயைத் திறந்தது. அதற்குள் இரண்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டன.

நீதி: பேர் தனக்கு வராது என்று தெரிந்தும் காயைக் கொடுப்பவரே எந்தக் காலத்திலும் பெரிய வீரர்.