பனிமலைக்குப் போன கெளுத்தி மீன்கள்

வேப்பங்குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. கரை மரத்தில் இருந்த கூழைக்கடாப் பறவைகள் எல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

அவற்றில் ஒருத்தி வெண்சிறகி. அவளுக்கு வெகுநாளாக ஒரே ஓர் ஆசை. பனிமலையைப் பார்க்க வேண்டும்! குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வாத்துகள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், மீன் பிடிப்பதைக்கூட விட்டுவிட்டுக் கேட்பாள்.

அந்த வாத்துகளில் ஒருத்தி வரிச்சி. தலையில் இரண்டு கறுப்பு வரி இருப்பதால் அந்தப் பெயர். அவள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது.

"ஏன் வரிச்சி, இந்த வெயில்ல எங்கே போனா பனியைப் பாக்கலாம்?" என்று கேட்டாள் வெண்சிறகி.

"எங்க ஊர்லதான் அக்கா! கீழ் மலையில இந்நேரம் எல்லாம் உருகிப் போயிருக்கும். பெரிய கணவாயைத் தாண்டணும். தாண்டினா ஒரு ஏரி. ஏரியைச் சுத்தி வெள்ளை வெளேர்னு மலை! நான் அங்கே போய் முட்டையிட இடம் பிடிக்கணும். நாளைக்குக் காலையில கிளம்பறேன். நீங்களும் வாங்களேன்!"

வெண்சிறகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள் மேல் கிளையிலிருந்து அவள் கணவன் பெருவாயன் எட்டிப் பார்த்தான்.

"பனிமலையா? நானும் வரேன். சாப்பாட்டுக்கு என்ன வழி?"

"வழியெல்லாம் ஆறும் ஏரியும்தான் அண்ணே! மீனுக்குப் பஞ்சமே இல்லை."

"மீன் இருக்கும். நம்ம குளத்துக் கெளுத்தி இருக்குமா?"

"அது எதுக்கு அண்ணே?" என்றாள் வரிச்சி.

"பனிமலைக்கு எதிரே உக்காந்து நம்ம கெளுத்தியைச் சாப்பிடணும். அதுதான் சுகம்!" என்றான் பெருவாயன். சொன்னதோடு விட்டானா? குளத்தில் மிச்சமிருந்த கெளுத்தியையெல்லாம் வளைத்து வளைத்துப் பிடித்தான். கூழைக்கடாவுக்கு அலகின் கீழே பெரிய பை ஒன்று தொங்கும் அல்லவா? அதில் நிரப்பிக்கொண்டு போவதாகத் திட்டம். தன் பையில் அல்ல, மனைவியின் பையில்!

"ஏங்க, உங்களுக்கும்தான் பை இருக்கே?" என்றாள் வெண்சிறகி.

"எனக்கு வாய் வேணும்டி! வழி கேக்கணும், நாலு பேரோட பேசணும். உனக்கு எதுக்கு வாய்? ம், திற!"

திறந்தாள். நிரப்பினான். வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு யார்தான் பேச முடியும்? இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்!

மூன்று பேரும் கிளம்பினார்கள். முதலில் கிருஷ்ணா நதி வந்தது. பெருவாயன் ஒரு மீனைப் பிடித்து விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். "சே! சேத்து வாடை. நம்ம குளம் மாதிரி வருமா?" கோதாவரியில் மீனெல்லாம் முள்ளாம். கங்கையில் சப்பென்று இருக்கிறதாம். குறை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் வயிறு முட்டத் தின்றான், அது வேறு விஷயம்.

சாயங்காலம் தங்குகிற இடத்தில் வெண்சிறகி கரையோரம் ஒரு குழியில் கெளுத்திகளைக் கொட்டுவாள். அவை துள்ளித் தப்பாமல் காவல் இருப்பாள். அப்போதுதான் அவளுக்கு வாய் காலியாகும். ஆனால் அதற்குள் பெருவாயன் தூங்கிப் போயிருப்பான். விடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். அவள் கழுத்து வீங்கிவிட்டது.

கங்கைக் கரையில் ஒரு பருந்து வந்து வாயைக் கொடுத்தது. "பனிமலைக்கா போறீங்க? அதுக்கு ஏன் அவ்வளவு தூரம்? கிழக்கே ஒரு குன்று இருக்கு. அதுமேல நின்னாலே தெரியுமே!"

"கேட்டியா வரிச்சி? பக்கத்துலயே இருக்காம்!" என்றான் பெருவாயன்.

"அண்ணே, அது குளிர்காலத்துல. இப்போ அங்கே புழுதிதான் தெரியும். வருஷா வருஷம் போய் வர்ற எனக்குத் தெரியாதா?"

"உனக்கு ஒரு வழிதான் தெரியும். இவர் உள்ளூர்க்காரர்!"

போனார்கள். குன்றின் மேல் நின்றார்கள். புழுதிதான் தெரிந்தது. ஒரு நாள் பாழ்! வரிச்சி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

ஒருவழியாக மலையடிவாரம் வந்தது. வரிச்சி பொறுமை இழந்துவிட்டாள். "இதோ பாருங்கண்ணே, நாளைக்குக் காத்து எழும்பறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும். தாமதமானா எனக்கு முட்டையிட இடம் இருக்காது. இனிமே யாருக்காகவும் நிக்க மாட்டேன். அக்கா, அந்தக் கெளுத்தியை இங்கேயே விட்டுடுங்க. மேலே மூச்சு முட்டும்!"

"விடறதா?" என்று குதித்தான் பெருவாயன். "இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?" யார் தூக்கிவந்தார்கள் என்பது அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

விடிந்ததும் ஏறினார்கள். ஏற ஏறக் காற்று மெலிந்தது. வரிச்சி முன்னால் பறந்தாள். வெண்சிறகி சிறகை அடித்து அடித்துப் பார்த்தாள். பாரம் அவளைக் கீழே இழுத்தது. கணவாயின் உச்சி கண்ணுக்கு நேரே தெரிந்தது. அதைத் தாண்டினால் பனிமலை! அவளால் ஏற முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

பின்னாலிருந்து பெருவாயன் கத்தினான். "என்னடி இப்படி ஆடி அசைஞ்சு பறக்கிறே? ஒண்ணு கீழே விழுந்துச்சு, அவ்வளவுதான்! உன்னைக் கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு!"

அவ்வளவுதான். வெண்சிறகிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"என்னது? யாரு யாரைக் கூட்டிக்கிட்டு வந்தது?" என்று வாயைத் திறந்து கத்தினாள்.

வாய் திறந்ததும் கெளுத்திகள் அத்தனையும் பொலபொலவென்று கீழே கொட்டின.

"ஐயோ, என் கெளுத்தி!" என்று அலறிக்கொண்டு பெருவாயன் அவற்றின் பின்னாலேயே பாய்ந்தான்.

பாரம் போனதும் வெண்சிறகி மேலே எழும்பினாள். உச்சியைத் தாண்டினாள். அந்தப் பக்கம் நீல ஏரி. அதைச் சுற்றிலும் வெள்ளை மலைகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக! காலை வெயில் பட்டு அவை பளபளத்தன.

"என்னங்க, பாருங்களேன்! இங்கே வந்து பாருங்களேன்!" என்று கூப்பிட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் முதலில் அவனைத்தான் கூப்பிட்டாள்.

கீழே பாறை இடுக்கில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த பெருவாயன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு கிடைச்சிருச்சு! சீக்கிரம் இறங்கி வாடி, ஊருக்குப் போகலாம்!"

"நீங்க போங்க. நான் பாத்துட்டு வரேன்!" என்று சொல்லிவிட்டு வெண்சிறகி முன்னால் போய்க்கொண்டிருந்த வரிச்சியின் பின்னாலேயே ஏரியை நோக்கி இறங்கினாள்.

ஊரைச் சுமந்துகொண்டே ஊர் சுற்றக் கிளம்புகிறவன் எந்த மலையையும் பார்க்கப்போவதில்லை, அந்தச் சுமையை அடுத்தவர் வாயில் திணிக்கிறவன் கூட வந்தவர் துணையும் இல்லாமல்தான் வீடு திரும்புவான்.