பேர் போன ஏரி

வெகுகாலத்துக்கு முன்னால், ராஜாவுக்குத் தும்மல் வந்தால் ஊரே கஷாயம் குடித்த நாளில், மருதநாட்டைக் கொற்றவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் சொன்னதை மாலையில் மறப்பார். தன் பெயரைச் சூட்டுவதை மட்டும் மறக்கவே மாட்டார். பாலத்துக்குத் தன் பெயர், சத்திரத்துக்குத் தன் பெயர், பட்டத்து யானைக்கும் தன் பெயர்தான். நெட்டியேந்தல் கிராமத்தார் தாங்களே வெட்டி, தாங்களே தூர்வாரிக் குடித்துவந்த ஏரி கண்ணில் பட்டால் விடுவாரா? 'கொற்றவழுதிப் பேரேரி' என்று ஒரு கல்லைக் கரையில் நட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மடை உடைந்தது. "ராசா ஏரிதானே, ராசா பாத்துக்குவாரு" என்று ஊரார் கையைக் கட்டிக்கொண்டார்கள். வெளிக்குப் போகிறவர்களுக்கும் கரை ஓரமே வசதியாகப் போயிற்று. மழை வந்து எல்லாவற்றையும் ஏரியில் சேர்த்தது. வயிற்றுப்போக்கில் நெட்டியேந்தலில் சில தொட்டில்கள் காலியாயின.

வேட்டைக்கு வந்த ராஜாவும் அதில் ஒரு சொம்பு குடித்தார். அப்புறம் அவரால் சிம்மாசனத்தில் தொடர்ந்து உட்காரவே முடியவில்லை.

"என் பெயர் வைத்த ஏரி என்னையே ஓட ஓட விரட்டுவதா!" என்று சபையில் கத்தினார்.

படைத்தலைவர் ரணவீரர் மீசையை நீவினார். அமைச்சர் அம்பலவாணரை மட்டம் தட்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "அரசே, இதற்கு யோசனை எதற்கு? ஈட்டி போதும். என்னிடம் விடுங்கள்!"

'கரையில் யாரும் வெளிக்குப் போகக் கூடாது' என்பது அவர் போட்ட ஆணை. முரசறைபவன் அவசரக்காரன், முதல் சொல்லை விழுங்கிவிட்டான். "யாரும் வெளிக்குப் போகக் கூடாது!" ஊரார் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். உழவு நின்றது, மாடுகள் பட்டியில் கத்தின. குழப்பம் தீர்ந்தபின் ரணவீரர் கரை நெடுகக் காவலர்களை நிறுத்தினார். காவலர்களுக்கும் வயிறு உண்டல்லவா? இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது வேறு கட்டளை. ஊரார் செய்ததைவிட அதிகமாகக் கரையைப் பாழாக்கியது படைதான்.

ராஜா கொதித்துப்போனார். "அமைச்சரே, இனி உம் பாடு! அடுத்த அறுவடைக்குள் இது பேர் போன ஏரியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊரைக் காலி செய்துவிட்டு யானைக் கொட்டில் கட்டுவேன். உமக்கும் பதவி கிடையாது!"

அம்பலவாணர் பதறவில்லை. அவருக்கு வழி ராஜாவின் வாயிலிருந்தே வந்துவிட்டது. "பேர் போன ஏரிதானே வேண்டும், அரசே? எல்லார் முன்னாலும் இன்னொரு தரம் சொல்லுங்கள்."

"பேர் போன ஏரி! போதுமா?"

"தாராளமாகப் போதும்."

நேரே நெட்டியேந்தலுக்குப் போனார். காவலர்களைத் திருப்பி அனுப்பினார். பெயர்க்கல்லைப் பிடுங்கிப் படுக்கப்போட்டார். "பேர் போயிற்று! இது இனி உங்கள் ஏரி. கெட்டால் கேட்க ராஜா வரமாட்டார்" என்றார்.

ஊர் திகைத்தது. பிறகு மரத்தடியில் கூடியது. குடவோலை போட்டு ஏரி வாரியம் அமைத்தார்கள். குடத்திலிருந்து வந்த முதல் ஓலையில் இருந்தது பேராயியின் பெயர். காலியான தொட்டில்களில் ஒன்று அவள் வீட்டுத் தொட்டில்.

"கரைக்குப் போகாதீங்கன்னா எங்கதான் போறது?" என்று ஒருவன் கேட்டான்.

"அதுக்கும் நாமதான் வழி பண்ணணும்" என்றாள் பேராயி. ஏரியைவிடத் தாழ்வான பக்கத்தில், கிணறுகளை விட்டுத் தள்ளி, தெருவுக்குத் தெரு குழி வெட்டிக் கீற்றுத்தட்டி கட்டினார்கள். போய்வந்தவர் ஒரு கை சாம்பல் போட வேண்டும். உடைந்த மடையைச் சரிசெய்து, அதைக் காக்கும் மடைக்காரனுக்கு வீட்டுக்கு வீடு நெல் அளந்தார்கள். ஐப்பசி மழையில் கரை கசிந்தபோது அரண்மனைக்கு ஆள் அனுப்பாமல் ஊரே மண் சுமந்து அடைத்தது. செய்தி கேட்டு அம்பலவாணர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அறுவடை வந்தது, ராஜாவும் வந்தார். வழியெல்லாம் ரணவீரர் பலாச்சுளையை ஊட்டிக்கொண்டே வந்தார். காரணம் இருந்தது. ஏரி கண்ணில் பட்டபோது ராஜாவின் வயிறு கடமுடா என்றது.

"கரைப்பக்கம் ஒதுங்குங்கள் அரசே, தங்களைத் தடுக்க யாருக்குத் துணிச்சல்?" என்று ரணவீரர் குழைந்தார். கரை கெட்டால் அமைச்சர் தொலைந்தார் என்பது அவர் கணக்கு.

ராஜா வேட்டியைப் பிடித்துக்கொண்டு விரைந்தார். எதிரே மண்வெட்டியோடு பேராயி.

"நில்லுங்க சாமி! இங்க ஆகாது."

"நான் யார் தெரியுமா? இது என் ஏரி!"

"உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்க. இது எங்க ஏரி. எம்புள்ளையக் குடுத்துல்ல இந்தக் கரையக் காக்கறேன். அவசரம்னா அந்தத் தட்டிக்குப் போங்க. வரும்போது மறக்காம சாம்பல் போட்டுடுங்க."

ரணவீரர் வாளை உருவினார். ராஜாவுக்கு விசாரிக்க நேரமில்லை. தட்டியைப் பார்த்து ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் சாந்தம், விரல்களில் சாம்பல்.

"அமைச்சரே, என் பெயர்க்கல் எங்கே?"

"பேர் போன ஏரி கேட்டீர்களே அரசே. போய்விட்டது."

ராஜா முறைத்தார். பேராயி தயங்காமல் ஏரியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஈட்டியால் ஆகாததை இவள் ஒரு சொல்லால் செய்தாள். ஏரி ஊருடையது, வாரியத்தின் சொல்லே இங்கே ஆணை. அமைச்சரே, என் முத்துமாலை உமக்கு."

"மாலை பேராயிக்குப் போகட்டும், அரசே" என்றார் அம்பலவாணர். அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கல்லை என்ன செய்ய?" என்று ராஜா கேட்டார்.

"தட்டி வாசல்ல சேறாக் கெடக்கு சாமி, காலு வைக்கப் படியாப் போட்டுக்கறோம்" என்றாள் பேராயி.

ராஜா கைகாட்ட, அதைச் சுமந்துபோய்ப் போட்டவர் ரணவீரர்.