மடைப்பள்ளி நிலைப்படி

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே திருமேனி என்றொரு சீடர் இருந்தார். குரு அம்பலவாணரைவிட நாலைந்து வயது மூத்தவர். மனைவி இறந்த பிறகு, பேச்சுத்துணைக்கும் ஆளில்லாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் காலையில் மூட்டையும் கையுமாகக் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"உத்தரவு கொடுங்க சாமி. கிளம்பறேன்."

"என்ன குறை?"

"இங்கே யாருக்கும் என்னைப் பிடிக்கலை. மடைப்பள்ளியில சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். நான் நிலைப்படியில போய் நின்னதும் கப்சிப். வந்த நாளா கவனிச்சுப் பார்த்துட்டேன். நான் மனுஷங்களுக்கு ஆகாதவன்."

"நீர் இல்லாதப்ப என்ன பேசுறாங்க?"

"நான் இல்லாதப்ப எனக்கெப்படித் தெரியும்?"

"சரி, மூட்டை இங்கே இருக்கட்டும். பூசணி நறுக்க ஆளில்லையாம். நறுக்கிக் கொடுத்துட்டுப் போம்."

திருமேனி உள்ளே போய் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பழக்கமில்லாத கை, பாதிப் பூசணியில் விரலைச் சீவிக்கொண்டார்.

"ஐயையோ!" சமையல்காரி செண்பகம் மஞ்சள்பொடியோடு ஓடிவந்தாள். ரத்தம் பட்ட பூசணி மாட்டுக்குப் போனது.

அவள் கட்டுப் போடும்போது, சோறு வடித்துக்கொண்டிருந்த பரமு மெல்லக் கேட்டான்: "வேவு பார்க்க வந்தவருக்கு அரிவாள்மனை எதுக்குங்கய்யா?"

"வேவா?"

"படையலுக்கு முன்னால யாரும் வாயில வைக்கக் கூடாது, மடத்து வழக்கம். செண்பகம் அக்காவுக்கோ ருசி பார்க்காம உப்புப் போட வராது. நீங்க தினம் நிலைப்படியில நின்னு உத்துப் பார்ப்பீங்க. சாமிகிட்ட கோள் சொல்லத்தான்னு..."

"அட, 'உள்ளே வாங்க'ன்னு ஒருத்தராவது சொல்ல மாட்டீங்களான்னு நின்னேன்ப்பா!"

செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா இருக்கு போங்க! உங்களுக்குத்தான் எங்களைக் கண்டா ஆகாதுன்னு நாங்க நினைச்சோம்."

சாயங்காலம் திருமேனி குருவிடம் வந்தார். மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது.

"இத்தனை நாள் நான் பார்த்தது பொய்யா சாமி? அவங்க முகம் இறுகினது மெய்தானே?"

"மெய்தான். நிலைப்படியில நான் போய் நின்னாலும் இறுகும்."

"அப்ப நான் யாருன்னு எங்கே போய்ப் பார்ப்பேன்?"

குரு அந்த விரல்கட்டைப் பார்த்தார்.

"நாளைக்குக் கீரை ஆயணுமாம். செண்பகம் உம்மைக் கேட்டாள்."