ஏழாம் அத்தியாயத்து மாமா

குற்றாலிங்கம் ஒரு முடிவோடுதான் தென்காசிக்கு பஸ் ஏறினார். முடிவெடுத்த பிறகு குருவைத் தேடிப் போகிறவர்கள் யோசனை கேட்கவா போகிறார்கள்? தலையாட்ட ஆள் தேடித்தான் போகிறார்கள். அதிலும் இவர் அறுபத்திரண்டு வயதுப் பதிப்பாளர். பிடிவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பாளையங்கோட்டையில் பாதி ஆயுளைப் புத்தகம் போட்டே கழித்தவர். மறுநாள் காலை பதிப்பகத்தின் சாவியைக் கட்டிடக்காரரிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அந்த இடத்துக்கு ஒரு செல்போன் கடை வரப்போகிறது.

அவருடைய குரு உலகம்மைக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் போய் ஞானம் கேட்கிறாரே என்று ஊரில் கேலி பேசினார்கள். குற்றாலிங்கம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"வாங்க அண்ணாச்சி. என்ன, முகம் வாடிக் கெடக்கு?"

"பதிப்பகத்தை மூடப் போறேம்மா. நல்லபடியா முடியணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஏன் மூடணும்?"

"எல்லாம் இ-புக் ஆயிட்டும்மா. புத்தகக் கண்காட்சியில அட்டையை போன்ல படம் எடுத்துட்டு, இதுக்கு இ-புக் இருக்கான்னு என்கிட்டயே கேக்கான். எங்கிட்ட எழுதுனவங்களும் இப்போ அவங்களே நெட்ல ஏத்திக்கிடுதாங்க. எழுதுதவன் ஒரு பொத்தானை அமுக்குதான், படிக்கவன் கையில போய் விழுது. இதுல நான் எதுக்கு?"

கேள்வி கேட்டால் எழுந்து போய்விடுவது உலகம்மையின் வழக்கம். அன்றும் எழுந்தார். அலமாரியிலிருந்து சிலேட்டுப் போல ஒன்றை எடுத்து வந்து குற்றாலிங்கத்தின் கையில் வைத்தார். அது ஒரு மின்னூல் கருவி.

"தண்ணித் தொட்டி கழுவ ஆள் வந்திருக்கு. நான் பாத்துட்டு வந்திருதேன். அதுவரைக்கும் இதைப் படிச்சிட்டிருங்க."

"இதையா?"

"ஓரத்தைத் தொட்டா பக்கம் திரும்பும்."

சம்பந்திச் சண்டைக்குப் போன இடத்தில் காப்பி கொடுத்தால் எப்படி வாங்குவார்களோ, அப்படி வாங்கிக்கொண்டார்.

வேதாரண்யத்து உப்பளங்களைப் பற்றிய நாவல் அது. எழுதிய பெண்ணின் பெயர் பூங்காவனம். கேள்விப்படாத பெயர். அதன் கீழே வாசகர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. பிடிக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் குற்றாலிங்கம் படிக்கத் தொடங்கினார். முதல் அத்தியாயம் அவருக்குத் தோதாகவே இருந்தது. வானத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக ஓடியது. யாருக்கு வேண்டும் இந்த வானம்?

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மாமா உப்பள வரப்பில் சுருண்டு விழுந்து சாகிறார். உடலைக் குளிப்பாட்டுகிறார்கள். கால்விரல் இடுக்கிலிருந்து உப்பு உதிர்கிறது. மகள் அதைக் கீழே விடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறாள்.

குற்றாலிங்கம் படிப்பதை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. எத்தனையோ கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தவர். இப்படி ஓர் இடம் அவர் கைக்கு அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது.

"கதையே இங்கதான் தொடங்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. ஏழாம் அத்தியாயம் வந்தது. உப்பளத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. பெஞ்சில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்து, சீனி கம்மியாகப் போடச் சொல்லி டீ கேட்கிறார். யார் அது? அதே மாமா.

குற்றாலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சிவப்புப் பேனாவை எடுத்தார். மாமாவைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. அதற்குக் கீழே 'இவர் செத்துவிட்டாரே!' என்று எழுதி, இரண்டு கோடும் இழுத்தார்.

பக்கத்தைத் திருப்பினார். மாமா போய்விட்டார். வட்டம் அங்கேயே நின்றது. இன்னொரு பக்கம் திருப்பினார். அங்கேயும் வட்டம் நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துண்டை எடுத்துத் துடைத்தார். சிவப்பு ஈஷிக்கொண்டதே தவிரப் போகவில்லை. பேனா அழுத்திய இடத்தில் திரை நன்றாகக் கீறியிருந்தது.

உலகம்மை ஈரக் காலோடு உள்ளே வந்தார். குற்றாலிங்கம் எழுந்து நின்று கருவியை நீட்டினார். இந்த வயதில் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிக்கணும்மா. புதுசு வாங்கித் தந்திருதேன்."

"அவ்வளவு கோவமா?"

"வராதா பின்னே? ரெண்டாம் அத்தியாயத்துல செத்த மனுஷன் ஏழுல வந்து டீ குடிக்காரு! சீனி வேற கம்மியாக் கேக்காரு!"

உலகம்மை சிரித்துவிட்டார். குற்றாலிங்கம் சிரிக்கவில்லை.

"கதை மோசமோ?"

"மோசமா இருந்தா மூடி வச்சிட்டுத் தூங்கியிருப்பேனே! பொல்லாத எழுத்தும்மா. அந்தப் பொண்ணுக்குக் கை இருக்கு. இத்தனை பேரு படிச்சு நட்சத்திரம் குத்தி வச்சிருக்கான். மாமா செத்துட்டாருன்னு ஒருத்தனும் அவகிட்ட சொல்லலியே!"

"நீங்க போட்ட புத்தகத்துல இப்படி ஆனதே இல்லையா?"

குற்றாலிங்கம் தலையைச் சொறிந்தார். "ஆயிருக்கு. ஒரு நாவல்ல கல்யாணம் ஆன பொண்ணுக்கு மறுபடி நிச்சயம் பண்ணிட்டோம். ரெண்டாம் பதிப்பு வரவே இல்ல. பாவம், அவளுக்கு இன்னைக்கும் ரெண்டு மாப்பிள்ளை."

"இதுல?"

அவர் தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். வெறுப்பில்லாமல் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதுல... அந்தப் பொண்ணு நெனச்சா இன்னைக்குச் சாயங்காலமே திருத்தி ஏத்திரலாம்."

வெளியே தொட்டியைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார்.

பிறகு, "கடைசிப் பக்கத்துக்கு எப்படிப் போகணும்மா?" என்று கேட்டார்.

உலகம்மை காட்டிக்கொடுத்தார். பூங்காவனத்தின் போன் நம்பர் அங்கே இருந்தது. சிவப்புப் பேனாவால் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அதே சூட்டில் தன் போனை எடுத்துக் கட்டிடக்காரரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வராதீக. சாவி தர முடியாது... அதெல்லாம் ஒண்ணுமில்ல. இ-புக்கெல்லாம் படிச்சுத் திருத்திக் கொடுக்குத சோலி ஒண்ணு எனக்கு வந்திருக்கு. வருஷக்கணக்கா ஆகும்."

மறுமுனையில் கத்தல் கேட்டது. குற்றாலிங்கம் போனை வைத்துவிட்டு உலகம்மையிடம் திரும்பினார். கீறல் விழுந்த கருவியைக் கொடுக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"அம்மா, இந்தத் திரைக்கு என்ன செய்ய?"

உலகம்மை அதை வாங்கிக்கொண்டார்.

"திரையை நான் மாத்திக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க போய் மொதல்ல அந்த மாமாவுக்குக் கருமாதி பண்ணுங்க."