துக்கம் கேட்க வந்த கடவுள்

அந்தக் காலத்தில் காகம் பேசும், காற்று பேசும், மீன்கூட வலையில் ஏறும்போது நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஏறும். கடவுளும் எங்கள் கடற்கரையில்தான் இருந்தார். கோயில் கட்டி, உள்ளே உட்காரவைத்து, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற பழக்கமெல்லாம் அப்போது வரவில்லை. கட்டுமரங்கள் கரை சேர்ந்ததும் வீடு வீடாக வருவார். குழம்பு எந்த வீட்டில் கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கிளம்பும்போது எல்லாரையும் போல, "போயிட்டு வாரேன்" என்பார். சொன்னபடி மறுநாள் வந்துவிடுவார்.

அவர் அதிக நேரம் உட்கார்ந்தது பிரகாசி வீட்டில். ஞானஸ்நானமே இல்லாத காலத்தில் பிரகாசி என்று எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்; எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். புருஷன் இல்லாதவள். கஸ்பார் என்று ஒரே மகன். கடவுள் வந்தால் கஸ்பார் வலையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிடுவான். இரண்டு பேரும் கிழிசலைக் கோத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். கடவுள் போட்ட முடிச்சை அவன் பிரித்துவிட்டுத் திரும்பப் போடுவதும் உண்டு. பிரகாசி பார்த்துச் சிரிப்பாள். இவர் வந்து போகிற வீட்டுக்கு என்ன குறை வந்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் கஸ்பார் தனியாகக் கடலுக்குப் போனான். வாடைக்காற்று வந்தது. சாயங்காலம் அவனுடைய மரம் ஒரு பக்கம் ஒதுங்கியது, அவன் ஒரு பக்கம் ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்து பெண்கள் பிரகாசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளை, அதனால்தான் கடவுள் சீக்கிரமாகக் கூப்பிட்டுக்கொண்டார் என்றாள் ஒருத்தி. அங்கே அவருக்கு ஆள் தேவைப்பட்டிருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஆள் தேவையாம். எதற்கு, மரம் தள்ளவா? பிரகாசி இதை மனசுக்குள்தான் கேட்டாள். வாய் திறக்கவில்லை.

கூரையில் இருந்த காகம்தான் திறந்தது. காகத்துக்கு எந்த வீட்டில் எதைப் பேசுவது என்கிற கணக்கு என்றைக்கும் கிடையாது. காற்று எழும்பியபோது கடவுள் கரையில்தான் நின்றார் என்றது. கஸ்பார் தத்தளித்ததைப் பார்த்தார் என்றது. காற்றைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார் என்றது. பெண்கள் அதைக் கல்லெறிந்து விரட்டினார்கள். சொன்னதை விரட்ட முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கடவுள் துக்கம் கேட்க வந்தார். செருப்பில்லாத கால், வேட்டியெல்லாம் மணல். எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். கூப்பிட்டுக்கொண்டார் என்று சொன்னவள், அவரைக் கண்டதும் அதையே இன்னும் கொஞ்சம் பக்தியோடு சொன்னாள்.

"நான் கூப்பிடல" என்றார் கடவுள்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பிரகாசியும் கடவுளும் மட்டும் மிஞ்சினார்கள்.

காகம் சொன்னது நிஜமா என்று பிரகாசி கேட்டாள். நிஜம் என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தூக்குன கைய ஏன் இறக்குனீரு?"

கடவுள் பேசினார். காற்றைப் படைத்த அன்றே, உன் இஷ்டத்துக்கு வீசு என்று அதற்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னார். கடலுக்கும் மனுஷனுக்கும் கொடுத்தது அதே வாக்குதான் என்றார். ஒன்றைக் கட்டிப்போட்டால் எல்லாவற்றையும் கட்டிப்போட வேண்டிவரும், கஸ்பாரையும் சேர்த்து.

"அவன் தானா ஓடிவந்து உன்ன அம்மான்னு கூப்பிட்டான், பிரகாசி. கட்டிப்போட்டு வளத்த பிள்ள கூப்பிட்டா, அது கூப்பிட்டதாகுமா?"

பிரகாசி கடைசி வரைக்கும் கேட்டாள். ஓட்டை கண்டுபிடிக்க முடியாத நியாயம். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. மகன் போனதோடு, கோபப்படக் காரணமும் போய்விடும் போலிருந்தது.

"நியாயமெல்லாம் சரிதான், ஆண்டவரே. உமக்கு ஒரு மகன் செத்துக் கிடக்கட்டும். அன்னைக்கு நான் துக்கம் கேட்டு வாரேன். வந்து இதே நியாயத்த உம்மகிட்ட சொல்லுறேன். கேட்டுக்கிட்டு இரும்."

இப்படி ஒரு வார்த்தையை எந்த மனுஷியும் அவரிடம் சொன்னதில்லை. கடவுளின் முகம் வெளுத்துவிட்டது. "அந்த நாள் வரும். அன்னைக்கும் நான் காத்தப் பிடிக்க மாட்டேன், மகளே. நீ வா" என்றார். பிறகு நியாயம் பேசவில்லை. தலைகுனிந்து அழுதார். பிரகாசியும் அழுதாள், ஆனால் அவரோடு சேர்ந்து அழவில்லை. அடுப்பு பற்றவைக்காத வீட்டில் இருட்டத் தொடங்கியது.

கடவுள் கையை ஊன்றி எழப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அவர் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. "போயிட்டு..."

"சொல்லாதீரு" என்றாள் பிரகாசி. "இனிமே இந்த வீட்டுக்கு வாரேன்னு உம்ம வாயால சொல்லாதீரு. எதுக்கு வரணும்? எடுக்க இங்க என்ன இருக்கு?"

காற்றின் இஷ்டத்தைத் தடுக்காதவர் அவள் இஷ்டத்தை மட்டும் தடுப்பாரா? மீதி வார்த்தையை விழுங்கிக்கொண்டார். அவர் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் பிரகாசி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பியபோது எதிரே யாரும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கரையில் அவரை யாரும் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு மேலே போய்விட்டார் என்று ஊரார் பிரகாசியை ஏசினார்கள். ஆனால் வயதாகிச் சாகும்வரை அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் பாய் விரிக்கவில்லை, பாத்திரம் வைக்கவில்லை, வந்தவர்களை உட்காரவும் விடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அவரு போனத நான் பாக்கல" என்று மட்டும் சொல்வாளாம்.

சாவு வீட்டிலிருந்து "போயிட்டு வாரேன்" என்று யாரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது அன்று தொடங்கியதுதான். கடவுளும் சொல்லிக்கொள்ளாததால், அவர் போய்விட்டாரா, இருட்டில் நம் எதிரேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாரா என்று இன்றுவரை எந்தத் தாய்க்கும் தெரியவில்லை.