மாடத்தியின் கோழிக்குஞ்சும் ராயரின் ஊசியும்

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை இளங்கீரன் என்றொரு ராஜா ஆண்டான். மழை பொய்த்த வருஷத்திலும் நன்றாகத் தூங்கியவன். சேவல் சண்டை ஒரு நாள் நின்றால் மட்டும் தூக்கம் வராது.

அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்த வீட்டில் சேவல் குஞ்சு பிறந்தாலும் ஒரு மாதத்தில் அதை அரண்மனைக்குக் கொடுத்துவிட வேண்டும். பெட்டை வீட்டுக்காரருக்கு. ஒரு மாதக் குஞ்சில் எது சேவல், எது பெட்டை என்று யாருக்குத் தெரியும்? கோழி அதிகாரி கோதண்டராயருக்குத் தெரியுமாம். நூலில் கட்டிய ஊசியைக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல். பெரும்பாலும் நேராகவே ஆடியது.

ஒருநாள் சுண்ணாம்பு சுடும் மாடத்தி ஒரு கூடையோடு சபைக்கு வந்தாள்.

"ராசா, தாய்க்கோழியைக் கீரி கடிச்சிட்டுது. ஒன்பது குஞ்சைப் பருந்து தூக்கிட்டுப் போச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். முட்டை போட்டாத்தான் பிள்ளைங்களுக்குக் கஞ்சியோட ஏதாவது கிடைக்கும். இவரு ஊசியை ஆட்டிட்டுச் சேவலுங்கிறாரு. இது பெட்டைங்க!"

"சேவலைப் பெட்டை என்று மறைத்தால் நாடு கடத்துவேன், தெரியுமா?" என்றான் ராஜா.

மாடத்தி கூடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். அவருடைய ஆசனத்தின் மேல் ராயருக்குப் பத்து வருஷமாக ஒரு கண்.

"ராயரே, ஊசி பொய் சொல்லுமா?"

"மந்திரி சொல்லலாம். ஊசி சொல்லாது."

"நல்லது. இன்னும் மூன்று குஞ்சுகள் வரவழைக்கிறேன். சபை பார்க்கட்டும்."

மாடத்தியைக் கூடையோடு உள்ளே அனுப்பினார். சேவகன் முதலில் ஒரு மஞ்சள் குஞ்சைக் கொண்டுவந்தான். ஊசி ஆடியது. "சேவல்!" என்றார் ராயர். அடுத்து ஒரு கருங்குஞ்சு. "பெட்டை!" பிறகு ஒரு செங்குஞ்சு. "சந்தேகமே இல்லை, சேவல்!" எழுத்தர் மூன்றையும் ஓலையில் எழுதினார்.

அமைச்சர் வெந்நீர் கேட்டார். செங்குஞ்சைக் கழுவினார். காவி போயிற்று, கரித்தூள் போயிற்று, கடைசியில் மஞ்சளும் போயிற்று. மாடத்தி கொண்டுவந்த கூடையைத் திறந்து காட்டினார். காலி. மூன்று முறையும் வந்தது அவளுடைய குஞ்சுதான். நனைந்துபோய் நடுங்கிக்கொண்டிருந்தது.

ராஜா ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டான். "அப்படியானால் இது என்னதான்யா?"

"தெரியாது அரசே."

"உமக்குமா?"

"மூன்று மாதம் போனால் வாலோரத்து இறகு சொல்லும். கூராக வந்தால் சேவல், உருண்டையாக வந்தால் பெட்டை. எனக்கு வேறொரு சந்தேகம். இவர் சேவல் என்று கொண்டுபோன குஞ்சுகளில் பாதியாவது பெட்டையாக வளர்ந்திருக்குமே? சண்டைக் களத்தில் ஒரு பெட்டையைக்கூடக் காணோமே, எல்லாம் எங்கே?"

ராயர் விட்டத்தைப் பார்த்தார். சேவகர்கள் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனார்கள். கால் வைக்க இடமில்லாமல் பெட்டைக் கோழிகள்.

"கோழி அதிகாரி அல்லவா? நீரே சுமந்துகொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வாரும்!" என்றான் ராஜா. தெருத்தெருவாகக் கூடை சுமந்த ராயர் மாடத்தியின் வாசலிலும், முந்தின வருஷம் அவளிடம் பிடித்துப்போன இரண்டு கோழிகளை இறக்கினார்.

அதோடு ராஜாவுக்கு ஆவல் அடங்கவில்லை. குஞ்சுக்கு இறகு எப்படி வருகிறது என்று வாரம் தவறாமல் மாடத்தி வீட்டுக்கு ஆள் அனுப்பினான். மூன்றாம் மாதம் இறகு கூராக வந்தது. அடுத்த வாரம் அது கூவியது. யாரும் கூப்பிடாமலே மாடத்தி அதைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"ராசா, சேவலாப் போச்சு. பெட்டையா இருக்கணுங்கிற ஆசையில அன்னைக்கு அடிச்சுச் சொல்லிட்டேன். நாடு கடத்துறதுன்னா அந்த ரெண்டு கோழியையும் கூட்டிட்டுப் போக விடுங்க."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். "ஊசி பிடித்தவன் மூன்று முறை சொன்னதில் ஒன்றையும் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. நீ ஒன்று சொன்னாய், அதைத் தவறு என்று சொல்ல நடந்தே வந்திருக்கிறாய். இனி இந்த நாட்டில் கூவும்வரை எந்தக் குஞ்சையும் எவனும் தொடக்கூடாது."

"அப்போ இது, ராசா? இதுதான் கூவிட்டுதே?"

"உன் இரண்டு கோழிகளும் அடைகாக்க வேண்டாமா? கொண்டுபோ."

மாடத்தி சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ராஜா மனம் மாறுவதற்குள் வேகமாக நடந்தாள்.