காஜா மைதீனின் இருமல்

பிரியாணி மாஸ்டர் காஜா மைதீன் இருமும்போதெல்லாம் அவர் நெஞ்சுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இதய அறுவைக்காகப் பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு ஒட்டவில்லை. கம்பிகள் எலும்பையே அறுத்துக்கொண்டு தளர்ந்திருந்தன. இனியும் ஆடினால் கிருமி உள்ளே இறங்கி, சரிசெய்த இதயத்தையே பிடித்துவிடும்.

அறுவை செய்தவர் திருமாறன், ஐம்பதைத் தாண்டியவர். வேறு வழியில்லாமல் தன் ஆசிரியை டாக்டர் அமலோற்பவத்தை வரவழைத்தார்.

"அண்டாவைத் தூக்கியிருப்பார் மேடம். சொன்னால் கேட்பதில்லை."

"கரண்டியைக்கூடத் தொடலைங்க," என்றார் காஜா மைதீன் படுக்கையிலிருந்து. "வார்டுல இருக்கும்போதே சத்தம் கேக்குதுன்னேன். நீங்கதான் 'எல்லாம் மனப்பிரமை பாய்'னு சிரிச்சீங்க."

திருமாறன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏற்கெனவே பார்த்த படம்தான்.

அமலோற்பவம் நோயாளியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். "கொஞ்சம் இருமுறீங்களா?"

"வேண்டாம்மா. உசுரே போயிடும்."

"சரி, வேண்டாம்."

ஆனால் கையை எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து காஜா மைதீன் தானாகவே மெல்ல இருமினார்.

மறுநாள் அறுவைக்குக் கை கழுவும்போது திருமாறன் கேட்டார்: "நான் எங்கே தப்பு செய்தேன் மேடம்?"

அமலோற்பவம் குழாயை முழங்கையால் மூடிவிட்டு உள்ளே போனார்.

பழைய கம்பிகளை எடுத்தார்கள். செத்த எலும்பின் ஓரங்களை ரத்தம் கசியும்வரை சுரண்டினார்கள். இரு பக்கத்தையும் சேர்த்துத் தகடுகளைப் பொருத்தினார்கள். கடைசித் திருகாணி திருமாறன் கையில் இருந்தது.

"இன்னும் ஒரு சுற்று முறுக்கட்டுமா?"

"போன தடவை கம்பியையும் இப்படிப் பயந்துக்கிட்டேதான் முறுக்கினியா?"

திருமாறனின் கை நின்றது. இரு பக்கத் தசைகளையும் நடுவே இழுத்துவந்து எலும்பை மூடினார்கள்.

சாயங்காலம் காஜா மைதீன், இருமினால் எலும்பு ஆடாமலிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தார். சளி கட்டிக்கொண்டு மூச்சு இரைத்தது. இரு டாக்டர்களும் பார்க்க வந்தார்கள்.

"இருமுங்க பாய். சளி தங்கினா நுரையீரலுக்கு ஆபத்து," என்றார் திருமாறன்.

"நீங்க சொன்னா நம்பறதுக்கில்லை டாக்டர்."

திருமாறன் குனிந்து, தலையணை மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எவ்வளவு அழுத்தணும் மேடம்?"

அமலோற்பவம் அதற்குள் வாசல்வரை போயிருந்தார்.

"அவர்கிட்டக் கேளு."